வாரத்தில் 97 மணி நேரம்

அன்புள்ள நெல்லைச் சீமைப் பிள்ளைகளே,

பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றங்கரை ஊர்களில் டிகிரி சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆறு மாசம் ஃபாரின் போய் இங்கிலீஷ் படிச்சிட்டு வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற வயலை ஒத்திக்கு விடலாமா, அம்மாவின் நகையை வங்கியில் வைக்கலாமா என்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பேசிக்கொண்டிருக்கும் பெற்றோரும் கூடவே படிக்கலாம்.

நான் பாளையங்கோட்டையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன். "டியூஷனுக்கு ஆள் குறையுதேன்னு இவருக்குக் கவலை" என்று உங்களுக்குத் தோன்றினால் அதில் தப்பில்லை. அதனால் உபதேசத்தை ஒதுக்கிவிட்டு முதலில் கணக்கைப் போடுகிறேன். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். டப்ளின் மொழிப்பள்ளிகளின் பெயர் இப்போது நம்மூர் ஏஜென்ட் அலுவலகங்களிலும் அடிபடுகிறது. அங்கே நீண்டகால ஆங்கிலப் படிப்பு என்றால் 25 வாரம். வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் வகுப்பு. மொத்தம் 375 மணி நேரம். ஐரோப்பாவில் மொழித் திறனை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற ஏறக்குறைய 200 மணி நேரப் பாடம் வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் உத்தேசக் கணக்கு. அப்படிப் பார்த்தால், ஒரு நாள் விடாமல் வகுப்புக்குப் போனவர் இரண்டு படி ஏறுவதே பெரிய காரியம். ஏ2 நிலையில் விமானம் ஏறுகிறவர் பி2-வை எட்டிப் பிடிக்கலாம். வெள்ளைக்காரன் மாதிரிப் பேசிக்கொண்டு திரும்பி வருவார் என்று யாராவது சொன்னால், அவர் கமிஷன் வாங்குகிறவராக இருப்பார்.

இனி அடுத்த கணக்கு. வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு 56, வகுப்புக்கு 15 போக, மிச்சம் 97. அந்த 97 மணி நேரமும் நீங்கள் யாரோடு இருக்கிறீர்கள், எந்த மொழியில் சிரிக்கிறீர்கள், எந்த மொழியில் சண்டை போடுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 15 மணி நேரப் பாடத்தை வண்ணார்பேட்டையிலேயே வாங்கிவிடலாம். லட்சக்கணக்கில் பணம் கட்டிக் கடல் தாண்டுவது அந்த 97 மணி நேரத்துக்காக. அதைப் பயன்படுத்தத் தெரியாமல் போனால் பணமும் போய், பாஷையும் வராமல் திரும்ப வேண்டியதுதான்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து டப்ளினுக்குப் போன என் மாணவி ஒருத்தியின் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். முதல் நாள் எழுத்துத் தேர்வு வைத்தார்கள். நம் பிள்ளைகளுக்குக் காலியிடம் நிரப்புவதும், செய்வினையைச் செயப்பாட்டு வினை ஆக்குவதும் தண்ணீர் பட்டபாடு. மேல் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்து, பக்கத்தில் இருந்த பிரேசில்காரப் பையனோடு இணைத்து, "போன சனி ஞாயிறு என்ன செய்தீர்கள், ஒருவருக்கொருவர் சொல்லுங்கள்" என்றார் ஆசிரியை. அவன் நிகழ்காலம் இறந்தகாலம் எல்லாவற்றையும் கலந்து அடித்து, கையையும் காலையும் ஆட்டி, கடற்கரைக்குப் போனது, ரயிலைத் தவறவிட்டது, நடந்தே வீட்டுக்கு வந்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டான். இவள் முதல் வாக்கியத்தை மனசுக்குள் எழுதி, அடித்து, திருத்திக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் போனில் சொன்னாள்: "சார், அவன் பேசினதுல பாதி தப்பு. ஆனா பேசிட்டான். நான் ஒரு தப்பும் பண்ணல. ஏன்னா நான் வாயே திறக்கல."

முதல் இரண்டு மாதம் அவள் தங்கியது தமிழ், தெலுங்குப் பிள்ளைகள் கூடி எடுத்த வீட்டில். காலையில் வகுப்பு, மத்தியானம் வந்தால் சாம்பார், ரசம், செல்போனில் தமிழ்ப் படம். ஊரை விட்டு வந்த பிள்ளைக்கு அது ஆறுதல்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் பேச்சு அசையவே இல்லை. பிறகு வாடகை ஒத்துவராமல், தனியாக இருந்த ஒரு ஐரிஷ் மூதாட்டியின் வீட்டு மாடியறைக்கு மாறினாள். அந்த ஊரில் குப்பைக்கு நிறம் உண்டு. மறுசுழற்சிக்குப் பச்சைத் தொட்டி, சாப்பாட்டுக் கழிவுக்குப் பழுப்புத் தொட்டி, மற்றதெல்லாம் கறுப்புத் தொட்டி. எதை எந்த ராத்திரி வாசலில் வைக்க வேண்டும் என்பதற்கு முறையும் உண்டு. குழம்பு ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவாமல் இவள் பச்சைத் தொட்டியில் போட்டுவிட்டாள். பாட்டி பிடித்துக்கொண்டார். "நான் போடவில்லை, முன்னாலேயே இருந்தது" என்று இவள் ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னும் நாலு வாக்கியம் சொல்லி, கடைசியில் இரண்டு பேரும் சிரித்து, பாட்டி டீ போட்டுக் கொடுத்ததில் முடிந்தது. இங்கிலீஷில் அவள் போட்ட முதல் சண்டை அதுதான். அதற்குப் பிறகு ஆறே வாரத்தில் போனில் அவள் குரலே மாறியிருந்தது. சம்பளம் வாங்கிய ஆசிரியையைவிட, வாடகை வாங்கிய பாட்டியிடம் அவள் படித்தது அதிகம்.

இங்கே நம் ஊரில் அந்தச் சண்டை ஏன் நடக்கமாட்டேன் என்கிறது? தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர் பாளையங்கோட்டை. தூய யோவான் கல்லூரி 1878-இல் வந்தது, சாரா தக்கர் கல்லூரி 1895-இல், தூய சவேரியார் கல்லூரி 1923-இல். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க இடம் இல்லை என்று இந்த ஊரைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நின்று நண்பனிடம் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். "ஏலே, பீட்டரு விடுதாம்ல" என்று பக்கத்தில் ஒருத்தன் சொல்வான். தப்பாகப் பேசினால் அதற்கொரு சிரிப்பு, சரியாகப் பேசினால் அதற்கொரு குத்தல். பன்னிரண்டு வருஷம் பள்ளியிலும் மூன்று வருஷம் கல்லூரியிலும் ஆங்கிலம் படித்த பிள்ளை ஊமையாக நிற்பதற்கு இலக்கணம் காரணமில்லை. கேலிக்குப் பயந்த கூச்சம்தான் காரணம்.

வெளிநாட்டு மொழிப்பள்ளி உண்மையில் விற்பது இரண்டு சரக்கு. ஒன்று, உங்கள் அப்பா பெயர் தெரியாத, உங்களைக் கேலி செய்ய ஆள் இல்லாத ஒரு ஊர். இன்னொன்று, பேசாவிட்டால் காரியம் நடக்காது என்கிற நெருக்கடி. இரண்டும் நல்ல சரக்குதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டணத்தைக் கட்டியதும் இரண்டும் தானாக வீட்டுக்கு வந்து சேராது. தமிழ் வீட்டிலிருந்து தமிழ் வேலைக்குப் போய் தமிழ் வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு டப்ளினும் டவுனும் ஒன்றுதான்.

நான் சொல்வதற்குச் சாட்சி வேறெங்கும் தேட வேண்டாம், இந்த ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஆட்கள் கடல் தாண்டிப் போய் மொழி படித்தார்கள். அப்போது அவர்கள் இங்கே வந்தார்கள். பிரஷ்யாவில் பிறந்த ரேனியுஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1834-இல் தமிழுக்கு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்த கால்டுவெல் 1838-இல் சென்னையில் இறங்கி, மூன்று வருஷம் தமிழ் படித்துவிட்டு, நாட்டையும் ஜனங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தெற்கே கால்நடையாகவே வந்து 1841-இல் இடையன்குடியில் குடியேறினார். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்த ஜி.யு. போப் சாயர்புரத்தில் பள்ளி நடத்திய காலத்துத் தமிழைத்தான் பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு வரைக்கும் கொண்டுபோனார். 1886-இல் அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு வந்தது. இந்தியாவுக்கு 1895-இல் வந்த ஐரிஷ் பெண்மணி எமி கார்மைக்கேல், களக்காட்டுக்குப் பக்கத்து டோனாவூரில் தங்கி, 1951-இல் இறக்கும்வரை ஒரு தடவைகூட சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை.

இவர்கள் வந்த நோக்கம் மதம். அதைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். நான் பார்ப்பது அவர்கள் மொழி படித்த முறையை மட்டும். வித்துவான்களை வைத்துப் பாடம் கேட்டார்கள். அது அவர்களுடைய 15 மணி நேரம். பாடம் முடிந்ததும் தேரிக்காட்டு மணலில் பனையேறிகளோடும், திண்ணையில் பள்ளிப் பிள்ளைகளோடும், வழக்கோடு வந்த ஊர்க்காரர்களோடும் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. இடையன்குடியில் கால்டுவெல்லுக்கு இங்கிலீஷ் பேச எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள்? அந்த 97 மணி நேரத்திலிருந்து தப்பிக்க அவருக்கு வழியே இல்லை. அந்த வாழ்க்கையிலிருந்துதான் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது.

பழைய கதை வேண்டாம் என்றால் கூடங்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். அணுமின் நிலைய வேலைக்காக வந்த ரஷ்யக் குடும்பங்கள் செட்டிகுளம் பக்கத்துக் குடியிருப்பில் வருஷக்கணக்காக இருந்தார்கள். தக்காளி விற்கிறவர் ரஷ்ய மொழியில் விலை சொல்லிப் பேரம் பேசுவதை நானே நின்று கேட்டிருக்கிறேன். அவர் எந்த மொழிப்பள்ளிக்கும் போனதில்லை. வியாபாரம் நடக்க வேண்டும் என்கிற அவசியம் ஒன்று. தப்பாகச் சொன்னால் மானம் போய்விடாது என்கிற தைரியம் இன்னொன்று. இரண்டும் அவருக்கு உள்ளூரிலேயே கிடைத்துவிட்டன.

இப்போது ஏஜென்ட் மேசைக்கு வருவோம். அங்கே உட்காரும்போது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

முதலாவது, மொழிப்படிப்பு விசா குடியேறும் விசா இல்லை. அயர்லாந்தில் 25 வாரப் படிப்புக்கு எட்டு மாதம் தங்க அனுமதி தருவார்கள். அப்படி மூன்று தடவை, மொத்தம் இரண்டு வருஷம்தான் படிக்கலாம். படிக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரமும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் கிறிஸ்துமஸை ஒட்டிய ஒரு மாதமும் 40 மணி நேரமும் வேலை செய்யலாம். வகுப்புக்கு 85 சதவீதம் வருகை வேண்டும். பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கு வேலை தேடக் கொடுக்கும் கூடுதல் காலம் மொழிப்பள்ளி மாணவர்களுக்குக் கிடையாது. "இங்கிலீஷ் கோர்ஸ்ல போய் அப்படியே செட்டில் ஆயிரலாம்" என்று சொல்கிறவரிடம் இந்த ஒரு வரியைக் கேட்டாலே போதும், பேச்சை மாற்றுவார். பிரிட்டனில் இன்னும் கறார். ஆங்கிலம் படிக்க 6 முதல் 11 மாதம் வரை தனி விசா உண்டு, ஆனால் அதில் ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக்கூடாது. செலவு முழுக்க உங்கள் கைப்பணம்.

இரண்டாவது, பள்ளியின் யோக்கியதை. பிரிட்டனில் என்றால் பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அயர்லாந்தில் அரசு அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் நீட்டும் காகிதத்தில் பார்க்காதீர்கள். 2014, 2015-இல் அயர்லாந்தில் பல ஆங்கிலப் பள்ளிகள் திடீரென்று மூடப்பட்டு, பணம் கட்டிய வெளிநாட்டு மாணவர்கள் தெருவில் நின்றார்கள். அந்தப் பட்டியலே அதற்குப் பிறகு வந்த கட்டுப்பாடுதான். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் எத்தனை நாளில், எவ்வளவு பிடித்தம் போகத் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வகுப்பில் எத்தனை பேர், எந்தெந்த நாட்டுக்காரர்கள் என்றும் கேளுங்கள். பாதிப் பேர் இந்தியர்கள் என்றால் அங்கே போய் இந்தி படித்துவிட்டு வருவீர்கள்.

மூன்றாவது, வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்த எண் இருக்கிறதா என்று கேளுங்கள். படிக்க அனுப்புகிறேன் என்பவரும் வேலைக்கு அனுப்புகிறேன் என்பவரும் ஒரே ஆளாக இருந்து, அந்த எண்ணும் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாலாவது, விசா அதிகாரிக்கு நியாயமாகவே ஒரு சந்தேகம் வரும்: இங்கிலீஷ் மீடியத்தில் பட்டம் வாங்கிய இந்தியர் எதற்கு இவ்வளவு செலவு செய்து இங்கிலீஷ் படிக்க வருகிறார்? அதற்கு நீங்கள் சொந்தமாக ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். ஏஜென்ட் எழுதிக் கொடுக்கும் பதில், அவர் மற்ற இருபது பேருக்கும் எழுதிக் கொடுத்ததாக இருக்கும்.

உங்களில் நர்சிங் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரிட்டனில் நர்சாகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7-ம், எழுத்தில் 6.5-ம் வேண்டும், இல்லையென்றால் மருத்துவத் துறைக்கென்றே இருக்கிற ஓ.இ.டி. தேர்வில் பி கிரேடு, எழுத்தில் மட்டும் சி பிளஸ் போதும். இரண்டையும் இந்தியாவிலேயே எழுதலாம். இதற்காக மொழிப்பள்ளி விசாவில் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதையும், அடுத்த ஷிப்டுக்கு வருகிறவரிடம் விவரம் ஒப்படைப்பதையும் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் தினம் தமிழில் செய்கிறீர்கள். விடுதி அறையில் தோழியோடு அதையே ஆங்கிலத்தில் செய்து பழகுங்கள்.

இங்கிலீஷ் படிப்புக்காக அப்பா பணம் கரைவது இந்த ஊருக்குப் புதிதில்லை. பாரதி 1894 முதல் 1897 வரை திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தார். அந்தப் படிப்பால் தகப்பனாருக்குச் செலவும் தனக்குக் கேடும்தான் மிஞ்சின என்று 'சுயசரிதை'யில் நொந்துகொண்டிருக்கிறார். அதே பாரதிதான் பிறகு ஷெல்லியின் கவிதையில் சொக்கிப்போய் 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் கட்டுரைகளும் எழுதினார். அதே இந்துக் கல்லூரியில் 1931-இல் பி.ஏ. முடித்த புதுமைப்பித்தன், ஆங்கிலம் வழியாகப் பல நாட்டுக் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கப்பல் ஏறிப் போய்ப் படித்த ஆங்கிலம் இல்லை அது. வகுப்புக்கு வெளியே, ஆசையோடு, தங்கள் நேரத்தில் படித்தது.

அப்படியானால் யார்தான் போகலாம்? உள்ளூரில் பி1 வரை ஏறிவிட்டு, அதற்கு மேல் வாய் திறக்க இடம் இல்லாமல் முட்டிக்கொண்டு நிற்கிறவர் போகலாம். வயலையும் நகையையும் தொடாமல், சம்பாதித்த பணத்தில் போக முடிந்தவர் போகலாம். தமிழ் ஆட்கள் இல்லாத வீட்டில் தங்கத் துணிந்தவர் போகலாம். இந்த மூன்றும் இருந்தால் மூன்று மாதமே கூட நிறையப் பலன் தரும். இங்கிலாந்தும் அயர்லாந்தும் மட்டுமே வழி என்றும் இல்லை. 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழி, பிலிப்பைன்ஸின் செபுவில் ஒருவருக்கு ஒரு ஆசிரியர் என்ற முறையில் கொரியாக்காரர்களும் ஜப்பானியர்களும் படித்துவிட்டுப் போகிறார்கள். ஏ1-இல் நின்றுகொண்டு, கடன் வாங்கி, நண்பன் இருக்கிறான் என்ற தைரியத்தில் அவன் அறையில் போய்ப் படுக்க நினைக்கிறவர் மட்டும் போக வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாதம் ஒரு காரியம் செய்யுங்கள். நாலு பேர் சேருங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்து வாசலோ, வ.உ.சி. மைதானத்துப் படிக்கட்டோ, அம்பாசமுத்திரத்தில் ஆற்றுப் பாலமோ, எங்கே வேண்டுமானாலும் கூடுங்கள். தினம் ஒரு மணி நேரம், ஆங்கிலத்தில் மட்டும் பேச்சு. கிரிக்கெட், சினிமா, அரசியல், வீட்டுச் சண்டை, எதுவும் பேசலாம். தப்பைத் திருத்தக்கூடாது, சிரிக்கக்கூடாது. சிரித்தவர் நாலு பேருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். பக்கத்தில் எவனாவது "பீட்டரு" என்றால் அவனையும் உட்கார வைத்து அஞ்சாவது ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் வீட்டு மாடியிலோ விடுதியிலோ செய்யலாம். கல்லூரியில் இருக்கிறவர்கள் 'நான் முதல்வன்' திட்டத்தில் வரும் ஆங்கிலப் பயிற்சியை வருகைப் பதிவுக்காக மட்டும் கடத்திவிடாமல், அங்கே படித்ததைச் சாயங்காலம் இந்த ஒரு மணி நேரத்தில் இறக்கி வையுங்கள்.

இந்த ஒரு மணி நேரத்தை ஒரு மாதம் இழுத்துப் பிடிக்க முடியாதவரால், டப்ளினில் அந்த 97 மணி நேரத்தையும் பிடிக்க முடியாது. விமானத்தில் போனதற்காகப் பழக்கம் மாறாது. முடிந்தவர்களில் பாதிப் பேருக்குப் போக வேண்டிய தேவையே இல்லாமல் போகும். மீதிப் பேர், அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்றால், என்னிடம் வாருங்கள். மொழிப்பள்ளிக்கு எழுதும் விண்ணப்பத்தை நானே உட்கார்ந்து பார்த்துத் தாரேன், காசு வேண்டாம். ஆனால் அதை நீங்கள்தான் எழுதிக்கொண்டு வரவேண்டும், தப்போடு இருந்தாலும் சரி.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து
உங்கள் ஆங்கில வாத்தியார்